ஜார்ஜ் பிரடெரிக் குன்ஸ்

ஜார்ஜ் பிரடெரிக் குன்ஸ் (செப்டம்பர் 29, 1856 – ஜூன் 29, 1932) ஓர் அமெரிக்கக் கனிமவியலாளரும் இரத்தினக்கல் வல்லுநரும் நூலாசிரியரும் ஆவார். நியூயார்க் நகரிலுள்ள டிஃபனி நகை நிறுவனத்தில் 1879 ஆம் ஆண்டில் சேர்ந்த இவர், பின்னர் அதன் துணைத் தலைவராக உயர்ந்தார். இளஞ்சிவப்பு நிறமுள்ள குன்சைட் என்னும் இரத்தினக்கல் இவரது பெயரால் அழைக்கப்படுகிறது. இரத்தினக் கற்களைப் பற்றிப் பல நாடுகளிலும் வழங்கிவந்த நம்பிக்கைகளைத் திரட்டி இவர் 1913 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், பிறப்புக்கற்கள் பற்றிய ஆய்வுகளுக்கு அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இன்று உலகெங்கும் நகைக்கடைகளில் காணப்படும் பிறப்புக்கல் பட்டியலை உருவாக்கியவர் குன்ஸ் எனச் சில இடங்களில் குறிப்பிடப்படுவதுண்டு. உண்மையில் அப்பட்டியலை 1912 ஆம் ஆண்டில் அமெரிக்க நகை வணிகர் சங்கம் ஒன்று உருவாக்கியது. குன்ஸ் அதனை எதிர்த்தவர்களுள் ஒருவர் ஆவார்.

பிறப்பும் இளமையும்

குன்ஸ் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் பிறந்தார். பின்னர் இவரது குடும்பம் ஹட்சன் ஆற்றின் மறுகரையில், நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள ஹோபோக்கன் நகரில் குடியேறியது. சிறுவயதில் நியூயார்க்கில் இருந்த பார்னம் அருங்காட்சியகத்தில் கண்ட கனிமங்களே இவரது ஆர்வத்தைத் தூண்டின. அக்காலத்தில் நியூ ஜெர்சியின் பெர்கன் குன்றுப் பகுதியில் தொடர்வண்டிப் பாதைகளுக்காகச் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. அங்கு வெட்டியெடுக்கப்பட்ட பாறைகளில் சியோலைட்டு முதலிய படிகங்கள் மிகுதியாகக் கிடைத்தன. இளைஞரான குன்ஸ் அவற்றைத் தேடிச் சேகரித்தார். தம்மிடமிருந்த கற்களைப் பிற சேகரிப்பாளர்களுடன் பரிமாறியும் கொண்டார்.

இவ்வாறு இருபது வயதளவில் இவரிடம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. அத்தொகுப்பை மினசோட்டா பல்கலைக்கழகம் 400 டாலருக்கு வாங்கிக்கொண்டது. குன்ஸ் கூப்பர் யூனியன் கல்வி நிறுவனத்தில் மாலை வகுப்புகளில் பயின்றார். ஆயினும் கனிமவியலில் பட்டம் எதுவும் பெறவில்லை. நூல்களைப் படித்தும் சுரங்கங்களுக்கு நேரில் சென்றும் தாமாகவே இத்துறையைக் கற்றார். பிற்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகம் (1898), ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகம் (1903), நாக்ஸ் கல்லூரி (1907) ஆகியன இவருக்கு மதிப்புறு பட்டங்களை வழங்கின.

டிஃபனி நிறுவனத்தில்

1876 ஆம் ஆண்டளவில் குன்ஸ், மெய்ன் மாநிலத்தின் மைக்கா மலையில் கிடைத்த பச்சை நிற டூர்மலின் கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, டிஃபனி நிறுவனத்தைத் தோற்றுவித்த சார்லஸ் லூயிஸ் டிஃபனியைச் சந்தித்தார். அக்கல்லை டிஃபனி விலைக்கு வாங்கினார். அக்காலத்து நகை வணிகர்கள் வைரம், மாணிக்கம், நீலம், மரகதம், முத்து ஆகியவற்றையே மதிப்புடையனவாகக் கருதினர். மற்றக் கற்கள் அருங்காட்சியகங்களுக்கு உரியன என்பதே பொதுக் கருத்தாக இருந்தது. டூர்மலின், கார்னெட், பெரில் போன்ற நிறக் கற்களையும் உயர்ந்த நகைகளில் பதிக்கலாம் என்ற எண்ணம் வணிகத்தில் வேரூன்றியதில் குன்ஸுக்குப் பெரும் பங்குண்டு. 1879 ஆம் ஆண்டில் இவர் அந்நிறுவனத்தில் இரத்தின வல்லுநராகப் பணியமர்ந்தார்.

இவரது தொடக்ககாலப் பணிகளுள் குறிப்பிடத்தக்கது டிஃபனி மஞ்சள் வைரத்தைப் பட்டை தீட்டும் பணியாகும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கத்தில் கிடைத்த இவ்வைரத்தை நிறுவனம் 1878 ஆம் ஆண்டில் 18,000 டாலருக்கு வாங்கியது. 287.42 காரட் எடையுடன் இருந்த அக்கல் பாரிசில் குன்ஸின் மேற்பார்வையில் வெட்டப்பட்டு 128.54 காரட் எடையுள்ளதாயிற்று. பருமனை விட ஒளிக்கு முதன்மை கொடுத்து, அதற்கு 82 பட்டைகள் தீட்டப்பட்டன. வெட்டியதில் பாதிக்கும் மேற்பட்ட எடை இழக்கப்பட்டது என்பதைக் கொண்டு அம்முடிவின் துணிவை அறியலாம்.

1895 ஆம் ஆண்டில் மொண்டானா மாநிலத்தின் யோகோ பள்ளத்தாக்கில் தங்கம் தேடியவர்கள், மண்ணில் கிடைத்த நீல நிறக் கற்களைச் சுருட்டுப் பெட்டி ஒன்றில் இட்டு டிஃபனி நிறுவனத்துக்கு அனுப்பினர். அவை உயர்தர நீலக்கற்கள் என்பதைக் குன்ஸ் கண்டறிந்தார். நிறுவனம் அவற்றுக்காக 3,750 டாலர் அனுப்பியது. 1900 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட புகழ்பெற்ற ஐரிசு மலர் அணியில் மொண்டானா நீலக்கற்களே பதிக்கப்பட்டன. அவ்வணி பால்டிமோர் நகரின் வால்ட்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

அரசுப் பணியும் அருங்காட்சியகத் தொகுப்புகளும்

குன்ஸ் 1883 முதல் 1909 வரை ஐக்கிய அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் சிறப்பு முகவராகவும் பணியாற்றினார். நாட்டில் கிடைக்கும் இரத்தினக் கற்களைப் பற்றிய ஆண்டறிக்கைகளை அத்துறைக்காக எழுதினார். இவ்வனுபவத்தின் அடிப்படையில் 1890 ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் இரத்தினக் கற்கள் பற்றிய விரிவான நூலொன்றை வெளியிட்டார்.

1889 ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக இவர் திரட்டிய இரத்தினத் தொகுப்பைச் செல்வந்தரான ஜே. பி. மார்கன் வாங்கி, நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். 1900 ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகத் திரட்டப்பட்ட இரண்டாவது தொகுப்பும் அவ்வாறே அங்கு சேர்ந்தது. 1893 ஆம் ஆண்டுச் சிகாகோ கண்காட்சியில் வைக்கப்பட்ட தொகுப்பு, அந்நகரின் ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஒரு வணிக நிறுவனத்தின் காட்சிப் பொருட்களாகத் திரட்டப்பட்டவை, பொதுமக்களும் மாணவரும் காணத்தக்க நிலையான தொகுப்புகளாயின.

குன்சைட்டும் மார்கனைட்டும்

1902 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சான் டியாகோ மாவட்டத்திலுள்ள பாலா என்னுமிடத்தில் ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறப் படிகங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றைச் சோதித்த குன்ஸ், அவை இலித்தியம், அலுமினியம், சிலிக்கன் ஆகியவை அடங்கிய ஸ்பொடுமீன் என்னும் கனிமத்தின் புதிய வகை எனத் தெரிவித்தார். வேதியியலாளரான சார்லஸ் பாஸ்கர்வில் 1903 ஆம் ஆண்டில் அதற்குக் குன்சைட் எனப் பெயரிட்டார். மாங்கனீசு கலந்திருப்பதே இதன் நிறத்துக்குக் காரணமாகும். வலுவான வெயிலில் நெடுநாள் வைத்தால் இதன் நிறம் மங்கும்.

குன்ஸும் பாஸ்கர்வில்லும் இணைந்து, அருங்காட்சியகத்திலிருந்த ஆயிரக்கணக்கான கனிம மாதிரிகளின்மீது புற ஊதாக் கதிர், எக்சு கதிர், ரேடியம் ஆகியவற்றின் விளைவை ஆராய்ந்தனர். குன்சைட் அக்கதிர்களால் தூண்டப்பட்டு ஒளிர்வதை அவர்கள் பதிவு செய்தனர். இருளில் ஒளிரும் கற்களைப் பற்றிப் பழங்கதைகள் பல உண்டு. அக்கதைகளைத் திரட்டிய ஒருவரே ஆய்வகத்தில் கற்களின் ஒளிர்வையும் அளந்தார் என்பது கருதத்தக்கது.

மடகாசுகரில் கிடைத்த இளஞ்சிவப்பு நிறப் பெரில் கல்லுக்கு மார்கனைட் என்ற பெயரைக் குன்ஸ் 1910 ஆம் ஆண்டின் இறுதியில் முன்மொழிந்தார். அருங்காட்சியகத்துக்குப் பெருங்கொடை அளித்த ஜே. பி. மார்கனைச் சிறப்பிக்க அப்பெயர் இடப்பட்டது. மரகதமும் அக்வாமரினும் இதே பெரில் கனிமத்தின் வேறு நிற வகைகளே ஆகும்.

மெட்ரிக் காரட்

இரத்தினக் கற்களை நிறுக்கும் காரட் என்னும் அலகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. ஒரே கல் ஒரு நகரில் ஓர் எடையும் வேறு நகரில் மற்றோர் எடையும் காட்டியதால் வணிகத்தில் குழப்பம் நிலவியது. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம் என வரையறுக்க வேண்டும் என்று நெடுங்காலம் வாதிட்டவர்களுள் குன்ஸ் முதன்மையானவர். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வலகு 1913 ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றும் உலகெங்கும் இதுவே வழக்கில் உள்ளது.

பிறப்புக்கற்கள் பற்றிய ஆய்வு

டிஃபனி நிறுவனம் பிறப்புக்கற்களைப் பற்றிச் சிறு நூல்களை வெளியிட்டு வாடிக்கையாளருக்கு வழங்கி வந்தது. குன்ஸ் எழுதிய அத்தகைய சிறுநூல் பல பதிப்புகளைக் கண்டது. இத்துறையில் இவரது முழுமையான ஆய்வு 1913 ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் வெளியான இரத்தினக் கற்களின் விந்தை மரபுகள் பற்றிய நூலில் உள்ளது. தாயத்துகள், பளிங்கு உருண்டைகள், சமயச் சடங்குகள், மருத்துவப் பயன்கள், கோள்களின் தொடர்பு எனப் பல தலைப்புகளுடன், பிறப்புக்கற்களுக்கென ஒரு தனி இயலும் அதில் இடம்பெற்றுள்ளது.

மரபின் தோற்றம்

பிறப்புக்கல் மரபின் வேர் விவிலியத்தில் உள்ளது எனக் குன்ஸ் விளக்குகிறார். யாத்திராகமத்தில் யூதத் தலைமைக் குருவின் மார்புப் பதக்கம் விவரிக்கப்படுகிறது. வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசைகளில் பன்னிரண்டு கற்கள் அதில் பதிக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் இசுரவேலரின் ஒரு குலத்தின் பெயர் பொறிக்கப்பட்டது. முதலாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான யோசேப்பு இப்பன்னிரண்டு கற்களையும் ஆண்டின் பன்னிரு மாதங்களுடனும் பன்னிரு இராசிகளுடனும் தொடர்புபடுத்தினார்.

திருவெளிப்பாட்டு நூலில் புதிய எருசலேம் நகரின் மதில் பன்னிரண்டு அடித்தளங்களைக் கொண்டதாகவும், ஒவ்வொன்றும் ஒரு கல்லால் அணி செய்யப்பட்டதாகவும் கூறப்படுகிறது. பழைய ஐரோப்பியப் பிறப்புக்கல் பட்டியல்கள் பெரிதும் இவ்வரிசையையே பின்பற்றுகின்றன. பழைய உரோமானிய ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்கியது. அதன்படி முதலாவதான சூரியகாந்தக் கல் எனப்படும் ஜாஸ்பர் மார்ச்சுக்கும், இரண்டாவதான நீலக்கல் ஏப்பிரலுக்கும், ஒன்பதாவதான புஷ்பராகம் நவம்பருக்கும், பன்னிரண்டாவதான செவ்வந்திக்கல் பெப்ரவரிக்கும் உரியனவாயின. இன்றைய பட்டியலிலும் பெப்ரவரிக்குச் செவ்வந்திக்கல்லும் நவம்பருக்குப் புஷ்பராகமும் இருப்பது இப்பழைய வரிசையின் எச்சமாகும்.

தொடக்கத்தில் பிறந்த மாதத்துக்கு ஒரு கல் என்ற வழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. வசதி படைத்தவர்கள் பன்னிரண்டு கற்களையும் வைத்திருந்து, அந்தந்த மாதத்தில் அந்தந்தக் கல்லை அணிந்தனர். மாதத்தில் அதற்குரிய கல்லின் ஆற்றல் மிகும் என்பது நம்பிக்கையாகும். ஒருவர் தாம் பிறந்த மாதத்தின் கல்லையே எப்பொழுதும் அணியும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் போலந்து நாட்டில் தோன்றியது என்பது குன்ஸின் முடிவு. அங்கு குடியேறிய யூத இரத்தின வணிகர்கள் இதனைப் பரப்பியிருக்கலாம் என அவர் கருதினார்.

பெயர்களில் உள்ள குழப்பம்

பழைய நூல்களில் காணப்படும் கற்களின் பெயர்களை இன்றைய பெயர்களுடன் அப்படியே பொருத்த இயலாது என்பதைக் குன்ஸ் விரிவாக எடுத்துக்காட்டினார். பண்டைய நூல்கள் நீலக்கல்லுக்கு வழங்கிய பெயர் உண்மையில் லாபிஸ் லசூலியைக் குறித்தது. கிரேக்கர் தோபாசு என்று அழைத்தது செங்கடல் தீவொன்றில் கிடைத்த பச்சை நிறப் பெரிடாட் ஆகும். தலைமைக் குருவின் பதக்கத்தில் வைரம் இருந்ததாகச் சில மொழிபெயர்ப்புகள் கூறினாலும், வைரத்தில் எழுத்துப் பொறிக்கும் நுட்பம் அக்காலத்தில் இருந்திருக்க இயலாது. எனவே அது வேறொரு கல்லாகவே இருந்திருக்க வேண்டும்.

இதனைத் தமிழிலும் காணலாம். நவரத்தினங்களுள் ஒன்றான புஷ்பராகம் மரபில் மஞ்சள் நிறக் குருந்தத்தைக் குறிக்கும். ஆங்கிலப் பட்டியல்களை மொழிபெயர்ப்போர் தோபாசு என்னும் முற்றிலும் வேறான கனிமத்துக்கும் அதே பெயரை வழங்குகின்றனர். மாணிக்கம், நீலம் ஆகியவற்றை உள்ளடக்கிய கனிமத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே தமிழ்ச் சொல்லான குருந்தத்திலிருந்து சென்றதாகும்.

1912 ஆம் ஆண்டுப் பட்டியல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பிறப்புக்கற்கள் பெரிதும் விரும்பப்பட்டன. ஆயினும் கடைக்குக் கடை பட்டியல் வேறுபட்டது. எடுத்துக்காட்டாக, ஜூன் மாதத்துக்குச் சில பட்டியல்கள் மரகதத்தையும் சில அகேட் கல்லையும் கூறின. இவ்வேறுபாட்டை நீக்க, அமெரிக்கத் தேசியச் சில்லறை நகை வணிகர் சங்கம் 1912 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் கான்சஸ் நகரில் கூடிப் பொதுப் பட்டியல் ஒன்றை ஏற்றுக்கொண்டது. அப்பட்டியலும் அக்கற்களுக்கு மரபில் கூறப்படும் பொருளும் பின்வருமாறு:

ஜனவரி – கார்னெட்: உறுதிப்பாடு, பயணத்தில் பாதுகாப்பு.
பெப்ரவரி – செவ்வந்திக்கல்: மது மயக்கத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கை. இதன் கிரேக்கப் பெயரும் மயங்காதது என்றே பொருள்படும்.
மார்ச்சு – இரத்தக்கல், அக்வாமரின்: முன்னது குருதிப்போக்கை நிறுத்தும் என்றும் வீரம் தரும் என்றும், பின்னது கடற்பயணிகளைக் காக்கும் என்றும் நம்பப்பட்டது.
ஏப்பிரல் – வைரம்: வெல்லப்படாமை, தூய்மை.
மே – மரகதம்: கண்ணுக்குக் குளிர்ச்சி, காதலில் உண்மை.
ஜூன் – முத்து, சந்திரகாந்தக் கல்: முத்து தூய்மைக்கும், சந்திரகாந்தம் நற்பேற்றுக்கும் உரியன.
ஜூலை – மாணிக்கம்: நலமும் காப்பும். அணிந்தவருக்குத் தீங்கு வருமுன் நிறம் கறுக்கும் என்பது ஒரு நம்பிக்கை.
ஆகத்து – சார்டோனிக்ஸ், பெரிடாட்: முன்னது இல்லற மகிழ்ச்சி, பின்னது இரவு அச்சங்களைப் போக்குதல்.
செப்டம்பர் – நீலக்கல்: வாய்மை, வஞ்சனையிலிருந்து காப்பு.
அக்டோபர் – ஓபல், டூர்மலின்: ஓபல் நம்பிக்கையின் அடையாளம்.
நவம்பர் – புஷ்பராகம் எனப்படும் தோபாசு: சினம் தணித்தல், நட்பு.
டிசம்பர் – டர்க்காய்ஸ், லாபிஸ் லசூலி: டர்க்காய்ஸ் குதிரையிலிருந்து விழாமல் காக்கும் என்று நம்பப்பட்டது, லாபிஸ் லசூலி பண்டைய எகிப்தில் உண்மையுடன் தொடர்புபடுத்தப்பட்டது.

இப்பட்டியலில் பன்னிரு மாதங்களுள் ஐந்து மாதங்களுக்கு இரண்டு கற்கள் இடப்பட்டிருப்பதைக் காணலாம். விலை உயர்ந்த கல்லை வாங்க இயலாதவர்க்கு மலிவான ஒன்று கிடைக்க வேண்டும், ஒளி ஊடுருவாத கல்லை விரும்பாதவர்க்கு ஒளி ஊடுருவும் ஒன்று இருக்க வேண்டும் என்பன போன்ற வணிகத் தேவைகள் இதில் தெளிவாகத் தெரிகின்றன. அக்டோபருக்குச் சேர்க்கப்பட்ட டூர்மலின், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து டச்சு வணிகர் கொண்டுசென்ற பின்னரே ஐரோப்பாவில் தனிக் கல்லாக அறியப்பட்டது. ஆகவே அதற்குப் பழைய ஐரோப்பிய மரபு எதுவும் இல்லை.

பட்டியல் பற்றிக் குன்ஸின் நிலைப்பாடு

கான்சஸ் கூட்டத்துக்கு அடுத்த ஆண்டில் வெளியான தம் நூலில் குன்ஸ் இப்பட்டியலைக் குறை கூறினார். பிறப்புக்கல்லை ஒருவர் வாங்குவது அதன் அழகுக்காக மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாக அக்கல்லுடன் பிணைந்து வந்த உணர்வுக்காகவே என்பது இவரது வாதத்தின் அடிப்படையாகும். விற்பவரின் அப்போதைய வசதிக்கேற்பக் கற்களை மாற்றவும் சேர்க்கவும் தொடங்கினால், அவ்வுணர்வு வலுவிழக்கும். உணர்வு போனபின் மக்கள் பிறப்புக்கல்லையே நாடமாட்டார்கள் என அவர் எச்சரித்தார்.

குன்ஸும் ஒரு நகை நிறுவனத்தின் உயர் பொறுப்பில் இருந்தவர் என்பதால் இவ்வெதிர்ப்பு குறிப்பிடத்தக்கதாகிறது. அவரது நிறுவனமும் பிறப்புக்கற்களை விற்றது. அவற்றுக்கான விளம்பரச் சிறுநூல்களையும் அவரே எழுதினார். டூர்மலின் கல்லுக்கு அமெரிக்காவில் மதிப்பு ஏற்பட உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். எனவே அவர் வணிகத்தை எதிர்த்தார் எனக் கூற இயலாது. மரபை ஆதாரமாகக் கொண்டு நடைபெறும் வணிகம், அம்மரபைத் தன் விருப்பப்படி திருத்தக் கூடாது என்பதே அவர் கருத்தாகும். அதே வேளையில், மரபும் காலந்தோறும் மாறியே வந்துள்ளது என்பதை அவரது நூலிலுள்ள ஒப்பீட்டு அட்டவணைகளே காட்டுகின்றன. யூதர், உரோமர், அரேபியர், போலந்தியர், உருசியர், இத்தாலியர் ஆகியோரின் பட்டியல்கள் அவற்றில் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் எந்த இரண்டும் முற்றிலும் ஒத்திருக்கவில்லை.

குன்ஸ் பிறந்த செப்டம்பர் மாதமே இதற்கு எடுத்துக்காட்டாகும். திருவெளிப்பாட்டு வரிசையைப் பின்பற்றிய பழைய பட்டியல்களில் அம்மாதத்துக்கு உரியது கிரிசோலைட் ஆகும். 1912 ஆம் ஆண்டுப் பட்டியலில் நீலக்கல்லே அதற்கு உரியதாக உள்ளது.

நம்பிக்கைகளை அணுகிய முறை

கற்களின் மாய ஆற்றல் பற்றிய கூற்றுகளைக் குன்ஸ் அறிவியல் உண்மைகளாக முன்வைக்கவில்லை; அவற்றை ஏளனமும் செய்யவில்லை. அவை எவ்வாறு தோன்றியிருக்கலாம் என்பதையே ஆராய்ந்தார். நிறமே பெரும்பாலான நம்பிக்கைகளுக்கு மூலம் என்பதை அவரது தொகுப்பு காட்டுகிறது. சிவப்புக் கற்கள் குருதிப்போக்கை நிறுத்தும் எனவும், மஞ்சள் கற்கள் மஞ்சட்காமாலையைத் தீர்க்கும் எனவும், பசுங்கற்கள் கண்ணுக்கு நலம் தரும் எனவும் பல நாட்டு மக்களும் நம்பினர்.

ஓபல் கல் தீமை தரும் என்ற அச்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியிருந்தது. இது பழைய நம்பிக்கை அன்று என்றும், வால்ட்டர் ஸ்காட் 1829 ஆம் ஆண்டில் வெளியிட்ட புதினம் ஒன்றில் வரும் நிகழ்ச்சியை வாசகர் தவறாகப் புரிந்துகொண்டதால் பெரிதும் பரவியது என்றும் குன்ஸ் விளக்கினார். பண்டைய உரோமர் ஓபலை மிக உயர்வாக மதித்தனர் என்பதை இதற்கு மாறாக எடுத்துக்காட்டலாம்.

நவரத்தினமும் கீழைநாட்டு மரபுகளும்

குன்ஸின் நூல் இந்திய மரபுக்கும் இடமளித்தது. கல்கத்தாவைச் சேர்ந்த சௌரீந்திர மோகன் தாகூர் தொகுத்த மணிமாலை என்னும் நூலை ஆதாரமாகக் கொண்டு, நவரத்தினங்களைப் பற்றி அவர் எழுதினார். ஞாயிற்றுக்கு மாணிக்கம், திங்களுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், வியாழனுக்குப் புஷ்பராகம், வெள்ளிக்கு வைரம், சனிக்கு நீலம், இராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம் என்பது அம்மரபாகும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இராசிக்கல் என வழங்குவது இம்மரபைச் சார்ந்தது. இது பிறந்த நேரத்தில் கோள்கள் நின்ற நிலையை அடிப்படையாகக் கொண்டது. மேலைநாட்டுப் பிறப்புக்கல்லோ ஆங்கில மாதத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்டது. இவ்விரண்டும் வெவ்வேறு மரபுகள் என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். நகைக்கடை அட்டைகளில் இவை இரண்டும் கலந்து காணப்படுவதுண்டு.

சார்லஸ் ஹியூ ஸ்டீவன்சன் என்பவருடன் இணைந்து குன்ஸ் 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட முத்து பற்றிய பெருநூலில், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு விரிவாக இடம்பெற்றுள்ளது. இலங்கைக் கரையிலும் தூத்துக்குடிப் பகுதியிலும் நடைபெற்ற முத்துக்குளிப்புகளைப் பற்றி அறிய விரும்புவோருக்கு அது இன்றும் பயன்படும் நூலாகும்.

பிற பணிகள்

1886 ஆம் ஆண்டில் நியூயார்க் கனிமவியல் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் குன்ஸ் ஒருவர். அமெரிக்க இயற்கைக் காட்சி, வரலாற்றுப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். நியூயார்க்கின் ரிவர்சைட் பகுதியில் 1915 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க் சிலையை நிறுவிய குழுவுக்கு இவரே தலைமை தாங்கினார். பிரெஞ்சு அரசு இவருக்கு லீஜியன் ஆஃப் ஹானர் விருதையும், சப்பானிய அரசு உதய சூரியன் விருதையும் வழங்கின.

குடும்பமும் மறைவும்

குன்ஸ் 1879 ஆம் ஆண்டில் சோபியா ஹேண்ட்போர்த் என்பவரை மணந்தார். அவர் 1912 ஆம் ஆண்டில் மறைந்தார். 1923 ஆம் ஆண்டில் குன்ஸ் ஓபல் லோகன் கிபர்சன் என்பவரை மணந்தார். அத்திருமணம் 1929 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இரத்தினக் கல்லின் பெயரைத் தாங்கிய ஓபல் குன்ஸ், அமெரிக்காவின் தொடக்ககாலப் பெண் விமானிகளுள் ஒருவராகப் புகழ்பெற்றார்.

குன்ஸ் 1932 ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று நியூயார்க்கில் தமது 75 ஆவது வயதில் காலமானார். இரத்தினக் கற்களையும் அவை பற்றிய நம்பிக்கைகளையும் குறித்து அவர் வாழ்நாள் முழுதும் திரட்டிய பல ஆயிரம் நூல்களை, 1933 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க நிலவியல் அளவைத் துறை ஒரு டாலர் விலைக்குப் பெற்றுக்கொண்டது. அத்தொகுப்பு வர்ஜீனியா மாநிலத்தின் ரெஸ்டன் நகரிலுள்ள அத்துறை நூலகத்தைச் சேர்ந்தது.

பிற்கால மாற்றங்கள்

குன்ஸ் எதிர்த்த பட்டியல் நிலைபெற்றது. ஆயினும் அது மாறாமல் இருக்கவில்லை. 1952 ஆம் ஆண்டில் ஜூன் மாதத்துக்கு அலெக்சாண்டிரைட்டும், நவம்பருக்குச் சிட்ரினும் சேர்க்கப்பட்டன. டிசம்பரில் லாபிஸ் லசூலி நீக்கப்பட்டுச் சிர்கான் இடம்பெற்றது. 2002 ஆம் ஆண்டில் டிசம்பருக்கு டான்சனைட் சேர்க்கப்பட்டது. இக்கல் 1967 ஆம் ஆண்டில்தான் தான்சானியாவில் கண்டெடுக்கப்பட்டது. அதற்கு இப்பெயரை இட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது டிஃபனி நிறுவனமே ஆகும். 2016 ஆம் ஆண்டில் ஆகத்து மாதத்துக்கு ஸ்பினல் சேர்க்கப்பட்டது.

மாற்றங்களால் மக்கள் ஆர்வம் இழப்பர் என்ற குன்ஸின் அச்சம் நிறைவேறவில்லை. பிறப்புக்கற்களின் விற்பனை தொடர்ந்தது. ஆனால், ஒரு கல் ஒரு மாதத்துக்கு உரியதானதற்குக் காரணம் கேட்டால், பழைய கற்களுக்கு விவிலிய வரிசையையும் நிறத்தின் ஒப்புமையையும் காட்ட இயலும். புதிய கற்களுக்கு ஒரு சங்கத்தின் தீர்மானத்தையே காட்ட இயலும். இவ்வேறுபாட்டை அறிவதற்குத் தேவையான பழைய பட்டியல்களையும் கதைகளையும் ஓரிடத்தில் திரட்டி வைத்தது குன்ஸின் பணிகளுள் முக்கியமானதாகும். அவர் பெயரிட்ட மார்கனைட்டும் அவர் பெயர் பெற்ற குன்சைட்டும் இப்பட்டியல்களுள் எதிலும் இடம்பெறவில்லை.

எழுதிய நூல்களுள் சில

வட அமெரிக்காவின் இரத்தினங்களும் மதிப்புமிகு கற்களும் (1890)
முத்து நூல் (1908, ஸ்டீவன்சனுடன் இணைந்து)
மதிப்புமிகு கற்களின் விந்தை மரபுகள் (1913)
நகைகள், தாயத்துகள் ஆகியவற்றின் மாயம் (1915)
சேக்சுபியரும் மதிப்புமிகு கற்களும் (1916)
தந்தமும் யானையும் (1916)
விரலுக்கான மோதிரங்கள் (1917)